ஸ்கோர் சொல்லிட்டுப் போங்க

“ஸ்கோர் சொல்லிட்டுப் போங்க.”

வெளியே போகிறவருக்குக் குறுக்கே ஒரு கால் நீள்கிறது. இரும்புக் கதவு பாதி சாத்தியிருக்கிறது. மீதிப் பாதியை அந்தக் கால் அடைத்துக்கொண்டிருக்கிறது. போகிறவர் போனில் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டே வருகிறார், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்கிறார், கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். கால் அசையாது. “இருநூத்திப் பதினாலுக்கு ஆறு” என்று சொன்னால் கால் மடங்கும். உள்ளங்கைக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். “தெரியலீங்க” என்று சொன்னாலும் கால் மடங்கும். சத்தம் மட்டும் கேட்காது.

இந்த அம்மாளை மைதானத்தில் எல்லோரும் கேட்டக்கா என்கிறார்கள். கேட்டில் உட்கார்ந்திருப்பதால் கேட் அக்கா, அதுதான் சேர்ந்து கேட்டக்கா ஆனது என்று டீக்காரர் சொல்கிறார். கண்ணில் பட்டவரையெல்லாம் கேள்வி கேட்டதால் வந்த பெயர் என்று நான் சொல்கிறேன். பத்தொன்பது வருடமாக இதே கேட், இதே நாற்காலி. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக்கொடுக்க நான்காக மடித்த பழைய ஸ்கோர் அட்டை ஒன்று உண்டு. ஆடுகிறதே என்று நான் ஒரு புது நாற்காலி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அதன் மேல் டீக்காரரின் தம்ளர்கள் அடுக்கியிருந்தன. “அது ரொம்ப சாயுது சார், தூக்கம் வந்துரும்” என்றார். கேட்டின் கம்பியில் சைக்கிள் ட்யூபால் கட்டிய ஒரு குடை. விளிம்பு உடைந்த சாம்பல் நிறத் தொப்பி. நூலில் தொங்கும் பேனா. உள்ளங்கைக்குள், ஒவ்வோர் அமுக்குக்கும் ஒன்று கூடும் எண்ணும் கருவி. ஐம்பத்திரண்டு வயது. மைதானத்தில் எல்லோரும் மத்தியான இடைவேளையில் சாப்பிடுவார்கள். இவர் தேநீர் இடைவேளைக்குப் பிறகுதான் டப்பாவைத் திறப்பார். மத்தியானம்தான் ஆட்கள் வெளியே போகிற நேரமாம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கிரிக்கெட் சங்கத்தின் ரசிகர் மேம்பாட்டு அலுவலர். சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை இருக்கிறது. ஒரு வருட ஒப்பந்தம். எங்கள் மைதானத்தில் சீசனுக்கு ஐந்து உள்நாட்டு ஆட்டங்கள் நடக்கும். ஒவ்வொன்றும் நான்கு நாள். இரண்டாயிரம் பேர் உட்காரலாம். வழக்கமாக நாற்பது பேர் வருவார்கள். அதில் ஐந்து பேர் நிழலுக்கு வந்தவர்கள், மூன்று பேர் தூங்க வந்தவர்கள். போன வருடம் தலைமை வாரியம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. உள்நாட்டுப் போட்டிகளைச் சீர்திருத்தப் போகிறோம், புதிய ரசிகர்களைக் கொண்டுவரப் போகிறோம், ஐந்து ஆட்டங்களில் ஒன்றிலாவது நான்கு நாளும் சேர்த்து ஆயிரம் பேரைக் காட்டாத மைதானத்துக்கு அடுத்த சீசன் முதல் ஆட்டமே கிடையாது. அவ்வளவுதான் விஷயம். ஆயிரம் வந்தால் மைதானம் தப்பும், என் வேலையும் தப்பும், கேட்டக்காவின் கேட்டும் தப்பும். வராவிட்டால் மூன்றுக்கும் பூட்டு.

சீர்திருத்தத்தில் நான் குறை வைக்கவில்லை. அணிக்குப் புயல்கள் என்று பெயர் மாற்றினோம். வெள்ளைச் சட்டையின் முதுகில் பெயர் எழுதினோம். அனுமதியை இலவசமாக்கினோம். பந்து எல்லையைத் தொட்டால் பாட்டு, விக்கெட் விழுந்தால் மேளச் சத்தம். பள்ளிக்கூடங்களுக்கு பஸ் அனுப்பினோம். பிள்ளைகளோடு கைகுலுக்க ஆந்தை வேடம் போட்ட ஓர் ஆளையும் அமர்த்தினோம். புயல்களுக்கு ஏன் ஆந்தை என்று கேட்காதீர்கள். வாடகைக் கடையில் அதுதான் இருந்தது.

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. அந்த ஒரே தப்பு என் உயிரை வாங்கிவிட்டது.

எத்தனை பேர் என்று எழுதி அனுப்ப ஒரு படிவம் வந்தது. ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ‘வருகை’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு மாதிரி இருக்கிறதே என்று எனக்கு ஓர் எண்ணம். கொஞ்சம் நயமாக இருக்கட்டும் என்று ‘ஆட்டம் பார்த்தோர் எண்ணிக்கை’ என்று போட்டேன். வாரியத்தில் பாராட்டினார்கள். எல்லா மைதானங்களுக்கும் சேர்த்து அச்சடித்து அனுப்பினார்கள். அடியில் ஒரு வரி: ‘வாயில் பொறுப்பாளர் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட வேண்டும்’. எங்கள் வாயில் பொறுப்பாளர் யார்? கேட்டக்கா.

முதல் ஆட்டத்தின் முதல் நாள். மூன்று பஸ் பிள்ளைகள், அவர்களோடு வந்த ஆசிரியர்கள், ஆந்தையோடு படம் எடுத்துக்கொள்ள வந்த குடும்பங்கள். நானே நின்று பார்த்தேன், நானூறு தலைக்குக் குறையாது. சாயங்காலம் படிவத்தை வாங்கிப் பார்த்தால் பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

“என்னக்கா இது?”

“பத்தொன்பது பேருக்குத்தான் சார் தெரிஞ்சுது.”

“என்ன தெரிஞ்சுது?”

“ஸ்கோரு.”

அப்புறம் நூலில் தொங்கிய பேனாவால் படிவத்தின் தலைப்பைத் தொட்டுக் காட்டினார். “வந்தோர்னு போட்டிருந்தா வந்தவங்கள எண்ணியிருப்பேன். பார்த்தோர்னுல்ல போட்டிருக்கு? பாத்தாங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? கேட்டாத்தான தெரியும்.”

 பார்த்தோர் என்றால் வந்தோர்தான் அக்கா, சும்மா ஒரு அழகுக்குப் போட்டது என்று விளக்கினேன். அழகுக்கு என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். மற்ற மைதானங்களில் மூவாயிரம் நாலாயிரம் என்று எழுதி அனுப்புகிறார்கள் என்றேன். அங்கே நல்ல ரசிகர்கள் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். வாரியத்துக்கு போன் செய்து தலைப்பை மாற்றச் சொன்னேன். அச்சடித்தது அச்சடித்ததுதான், அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்களுக்கு அடுத்த சீசன் இருந்தால்தானே ஐயா பார்ப்பது? போனை வைத்துவிட்டார்கள்.

அன்று கிளம்பும்போது என் குறுக்கேயும் கால் நீண்டது. “ஸ்கோர் சொல்லிட்டுப் போங்க சார்.” எனக்கு ஆயிரம் வேலை, எரிச்சல் வேறு. தெரியலக்கா, விடுங்க என்றேன். கால் மடங்கியது. சத்தம் கேட்கவில்லை.

முதல் ஆட்டம் நான்கு நாளும் சேர்த்து அறுபத்தொன்று. சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, கேட்டில் ஒரு பொம்பளையைச் சமாளிக்க முடியாதவர் எப்படி ரசிகர்களை மேம்படுத்துவார் என்று கேட்டார். நீங்களே சமாளித்துக் காட்டுங்கள் என்று கூட்டிக்கொண்டு போனேன். அரை மணி நேரம் பேசினார். திரும்பும்போது கால் குறுக்கே நீண்டது. செயலாளருக்கு ஸ்கோர் தெரியவில்லை. அதன் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

சரி, நேர் வழியில் நடக்காது என்று குறுக்கு வழியில் இறங்கினேன். இரண்டாவது ஆட்டத்தில் ஒலிபெருக்கியில் சொல்லவைத்தேன்: ‘வெளியே செல்லும் ரசிகர்களின் கவனத்துக்கு, தற்போதைய ஸ்கோர் நூற்று நாற்பதுக்கு மூன்று.’ அதோடு விடாமல் கேட்டுக்கு ஐந்தடி முன்னால் ஒரு கரும்பலகை வைத்து, ஸ்கோர் குறிப்பவரிடம் கேட்டுக் கேட்டுக் கொட்டை எழுத்தில் எழுதினேன். கேட்டக்கா பலகையைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. கேள்வியை மாற்றிவிட்டார்.

“கடைசியா அவுட்டானது யாரு?”

அதையும் பலகையில் எழுதினேன். எப்படி அவுட் என்று கேட்டார். எழுதினேன். யார் பிடித்தது? எழுதினேன். மூன்றாம் நாள் பலகையில் இடமில்லாமல் போயிற்று. நான்காம் நாள், “இன்னிக்கு எந்தப் பக்கமிருந்து காத்து அடிச்சுது?” என்று கேட்டார். மைதானத்தில் உட்கார்ந்திருந்தால்தான் தெரியுமாம். அன்றைக்கு நான் பலகையைத் தூக்கிக் குடோனில் போட்டேன், ஒலிபெருக்கி அறிவிப்பையும் நிறுத்தினேன். ஆட்ட முடிவில் நூற்றுப் பதினெட்டு.

அந்த நூற்றுப் பதினெட்டில் நான்கு ஆந்தையுடையது. ஒரு நாளைக்கு ஒன்று. வேடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகும்போது அவர் ஸ்கோர், ஓவர், யார் எத்தனை என்று ஒப்பித்தாராம். அலகின் ஓட்டை வழியாக நாள் முழுக்க ஆட்டத்தைத்தான் பார்க்கிறார் மனிதர். பிள்ளைகளுக்குக் கை கொடுப்பது அனிச்சையாக நடக்கிறது. அவர் நம்ம ஆள், சம்பளம் வாங்குகிறவர், அவரை எண்ணக் கூடாது என்று நான் நியாயம் பேசினேன். எனக்கும் ஒரு நேர்மை இருக்கிறது பாருங்கள்.

“சம்பளம் வாங்கினா பாக்கக் கூடாதா? நீங்களும்தான் நம்ம ஆளு. உங்களால சொல்ல முடியலையே” என்றார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் விஷயம் வேறு மாதிரி போயிற்று. தொடக்கத்தில் பிள்ளைகள் ஜூஸைக் குடித்துவிட்டு, ஸ்கோர் தெரியாமல் கேட்டில் முழித்துவிட்டு, பஸ் ஏறிப் போனார்கள். பிறகு அவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. முன் வரிசையில் போகிறவன் பதிலைப் பின்னால் கடத்த, முப்பது பேரும் பாட்டுப் பாடுவது மாதிரி ஒரே ஸ்கோரைச் சொன்னார்கள். கேட்டக்காவா விடுவார்? மூன்றாவது ஆட்டத்தில், இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண்ணை நிறுத்தி, “அதெல்லாம் சரி, உனக்கு யாரைப் பிடிச்சுது?” என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பெண் யோசித்தது. பின்னால் வரிசை தேங்கியது. ஆசிரியை முகத்தைச் சுளித்தார்.

“அங்க ஓரத்துல ஒருத்தர் தனியா நின்னாரே, அவரு. பந்தே வரல அவருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் ரெடியா குனிஞ்சு நின்னாரு.”

டிக்.

அந்தப் பெண் மறுநாள் அப்பாவோடு வந்தது. பஸ்ஸில் இல்லை, சொந்தமாக. அடுத்த நாள் அப்பாவின் தம்பியும் வந்தார். போகும்போது கேட்டக்கா கேட்பார் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்து போயிற்று. பிள்ளைகள் முன்னால் அசடு வழியக் கூடாது என்று பெரியவர்களும் போனை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சம் கவனிக்க ஆரம்பித்தார்கள். எந்தக் கேள்வி வந்தாலும் தயாராக இருக்க வேண்டுமே என்று சிலர் சிறிய நோட்டுப் புத்தகம் வைத்துக் குறித்தார்கள். மூன்றாவது ஆட்டம் இருநூற்று நாற்பது. நான்காவது ஐந்நூற்று ஏழு. செயலாளர் என்னைக் கூப்பிட்டு ஆந்தை நன்றாக வேலை செய்கிறது என்று பாராட்டினார். நானும் தலையாட்டினேன். என்னத்தைச் சொல்ல?

நடுவில் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். கேட்டக்காவின் மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். ஸ்கூட்டர் ஓட்டும் தேர்வில் இரண்டு தடவை காலை ஊன்றித் தோற்றவள். மூன்றாம் தடவை அம்மா கூட வந்தால்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடித்தாளாம். நான்காவது ஆட்டத்தின் இரண்டாம் நாள், கேட்டக்கா அரை நாள் லீவு போட்டார். கேட்டில் யாரை உட்காரவைப்பது என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்கதான்” என்றார். எண்ணும் கருவியை மட்டும் என் கையில் கொடுக்காமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆளைத் தாளில் கோடு போட்டு எண்ணச் சொன்னார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் குப்புற விழப் பார்த்தேன்; முட்டு அட்டையைச் சரியாக வைக்கத் தெரியவில்லை. ஒருவழியாக நிமிர்ந்து உட்கார்ந்து முன்னால் பார்த்தால் ஒரே வெள்ளை. சைட் ஸ்க்ரீன். பந்து வருவது மட்டையடிக்கிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிற பெரிய திரை. அதன் முதுகு கேட்டுக்கு நேர் எதிரே. துருப்பிடித்த சட்டம், ஒரு ஏணி, காக்கை எச்சம். இடது பக்கம் ஸ்கோர் பலகையின் முதுகு. மைதானத்தில் ஒரு கைக்குட்டை அளவு புல் கூடத் தெரியவில்லை. கைதட்டல் கேட்கிறது, எதற்கென்று தெரியவில்லை. மேளம் அடிக்கிறது, யார் அவுட்டென்று தெரியவில்லை.

ஒருவர் வெளியே வந்தார். ஸ்கோர் என்ன என்று கேட்டேன். சொன்னார். சரியா தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டக்காவுக்கு போன் செய்தேன்.

“மொதல்ல வர்ற மூணு பேரு ஒரே மாதிரி சொன்னா அதான் சார் ஸ்கோரு. அத வச்சு அடுத்தவங்களப் பாத்துக்கோங்க. நான் அப்படித்தான் செய்வேன்.”

“அக்கா, நீங்க ஆட்டமே பாத்ததில்லையா?”

“இந்தச் சேர்லேர்ந்து எப்படிப் பாக்கறது?” அந்தப் பக்கம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. “இவ வண்டிய எடுத்துட்டா சார், வைக்கறேன்.”

பத்தொன்பது வருடம். ஒரு பந்து பார்த்ததில்லை. போகிற வருகிறவர்கள் சொன்னதை வைத்து அத்தனை ஆட்டத்தையும் மனதுக்குள் ஆடிப் பார்த்திருக்கிறார். யாருடைய மட்டை உடைந்தது, எந்த நடுவர் நொண்டுகிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தினமும் சாயங்காலம் அவருக்கு போனில் முழு ஆட்டத்தையும் சொல்வார், நானே கேட்டிருக்கிறேன். அந்த மனிதருக்கு கிரிக்கெட் தெரியாது. “மொட்ட பவுலர் வந்தாரா?” என்று மட்டும் கேட்பாராம். எங்கள் அணியில் மொட்டை அடித்த வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் இருக்கிறார். அவர் எப்படி ஓடிவருவார் என்று கேட்டக்கா கணவருக்கு விவரிப்பதைக் கேட்டால் நேரில் பார்த்தவர் என்றுதான் நினைப்பீர்கள்.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அதனால் எரிச்சல் குறைந்தது என்று நினைத்துவிட வேண்டாம். மறுநாளே நாற்காலியைப் பத்தடி தள்ளிப் போடுகிறேன் என்றேன். கேட்டை யார் பார்ப்பது என்றார். திரையை நகர்த்தலாமா என்று பார்த்தேன். சக்கரம் துருவேறி இறுகிக் கிடந்தது. மேலும் அது அங்கேதான் நிற்க வேண்டுமாம். உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள், நான் கேட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “நீங்களா?” என்றார்.  அன்று மாலையும் எனக்கு ஸ்கோர் தெரியவில்லை. பதினைந்து நாள் ஆகியிருந்தது. ஒரு டிக் கூட எனக்காக விழவில்லை.

ஐந்தாவது ஆட்டம். கடைசி வாய்ப்பு. முதல் நாள் நூற்றுத் தொண்ணூறு, இரண்டாம் நாள் இருநூற்று இருபத்தொன்று, மூன்றாம் நாள் இருநூற்று ஐம்பத்தெட்டு. மொத்தம் அறுநூற்று அறுபத்தொன்பது. நான்காம் நாள் முந்நூற்று முப்பத்தொன்று வேண்டும். உள்ளே கூட்டம் இருந்தது. முதல் தடவையாக இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரே நிபந்தனை, சீசன் கடைசி என்பதால் படிவத்தைப் படம் எடுத்து அன்று மாலை ஐந்து மணிக்குள் வாரியத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஐந்து ஒன்றுக்குப் போனால் செல்லாது.

நாலு மணிக்கு கேட்டுக்குப் போய் எத்தனை என்று கேட்டேன். பதினாலு என்றார்.

“பதினாலா?”

“பதினாலு பேருதான் சார் வெளிய வந்தாங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் எண்ணுவது வெளியே போகிறவர்களை. உள்ளே எங்கள் அணி ஆட்டத்தைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்தது. எட்டு விக்கெட் போய்விட்டது. ஐந்தரை மணி வரை தாக்குப் பிடித்தால் டிரா. மட்டையைச் சுற்றி ஆறு பேர் கைகளை விரித்துக் குனிந்து நிற்கிறார்கள். எவன் எழுந்து வருவான்? புதிய ரசிகர்களைக் கொண்டுவா என்றார்கள், கொண்டுவந்தேன். அவர்கள் நகரமாட்டேன் என்கிறார்கள்.

உள்ளே ஓடினேன். கூட்டம் சேர்க்கச் சம்பளம் வாங்குகிறவன், ஒவ்வொரு வரிசையாகப் போய் எழுந்து போங்கள் என்று கெஞ்சினேன். ஒரு நிமிடம் கேட் வரை வந்து ஸ்கோர் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே வந்துவிடுங்கள் ஐயா என்றேன். ஒருவர் என்னைப் பார்க்காமலே எனக்குப் பைத்தியமா என்று கேட்டார். இன்னொருவர் உஷ் என்றார். இரட்டைச் சடைப் பெண் தன் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தது.

“அங்கிள், மறைக்காதீங்க.”

நாலு இருபத்தைந்துக்குக் கேட்டுக்குத் திரும்பினேன். கேட்டக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன சார், இத்தன பேரு இருக்காங்க, சத்தமே இல்ல?”

“எந்திரிக்க மாட்டேங்கறாங்கக்கா. ஒருத்தர் கூட.”

 அவர் உள்ளங்கையைத் திறந்தார். எண்ணும் கருவி வேர்வையில் பளபளத்தது. அதை என் கையில் வைத்தார்.

“உள்ள போய் எண்ணிட்டு வாங்க. எந்திரிக்க மாட்டேங்கறவங்கள எதுக்குக் கேள்வி கேக்கணும்?”

எண்ணினேன். வரிசைகளுக்கு முன்னால் நின்று, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு முகமாக எண்ணினேன். ஒரு முகமும் என்னைப் பார்க்கவில்லை. டீக்காரர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு நின்றார். ஆந்தை தன் தலையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். முந்நூற்றுப் பதினைந்து. ஏற்கெனவே இருந்த அறுநூற்று எண்பத்து மூன்றோடு சேர்த்தால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று எட்டு. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். அதே எண். நம்பினால் நம்புங்கள், புளுகுவதாக இருந்தால் நாற்பது குறைந்தது என்று புளுகியிருப்பேன், கேட்கிறவர்களுக்கு நம்பும்படியாக இருக்கும்.

“ரெண்டு குறையுதுக்கா.”

கருவியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “உங்களச் சேத்தீங்களா?”

“இல்ல.”

“சரிதான்.”

“உங்களையும் சேக்கல.”

“நான் என்னத்தப் பாத்தேன்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது, நிஜமாகவே. இரண்டுதானே அக்கா, ஆயிரம் என்று எழுதுங்கள், யார் கேட்கப் போகிறார்கள், உங்கள் கேட்டும் சேர்த்துத்தான் போகிறது என்று என்னென்னவோ சொன்னேன். சாதாரணமாக என்னை சார் என்பார். கோபம் வந்தால் மட்டும் தம்பி. இப்போது தம்பி என்றார், ஆனால் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை.

“மணி என்ன தம்பி?”

“நாலு நாப்பத்தெட்டு.”

எழுந்தார். கேட்டை முழுசாகச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். நாற்காலியை ஒரு கையால் தூக்கிக்கொண்டார். மடித்த அட்டை தரையிலேயே கிடந்தது. திரையின் ஓரமாக நடந்தார், நான் படிவத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். திரையைத் தாண்டியதும் நின்றுவிட்டார். எல்லைக் கோட்டுக்கு இரண்டடி வெளியே, நாற்காலியும் கையுமாக, நின்ற இடத்தில் நின்றார்.

ஓடிவந்துகொண்டிருந்த பந்து வீச்சாளர் பாதியில் நின்றார். மட்டையடிப்பவர் கையைத் தூக்கியிருந்தார். நடுவர் எங்களைப் பார்த்து உட்காருங்கள் என்று கை காட்டினார். முந்நூற்றுப் பதினைந்து தலைகளும் திரும்பின. யாரோ கேட்டக்கா என்றார்கள். அவர் அவசரமாக ஓரத்துக்கு நகர்ந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் ஸ்கோர் பலகையைப் பார்த்தேன். ஒரு சீசன் முழுக்க அதன் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை.

மட்டையடிப்பவர் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். தலை வெயிலில் மின்னியது.

“மொட்டையா?” என்று கேட்டக்கா மெதுவாகக் கேட்டார்.

“ஆமாக்கா.”

“குள்ளமா இருக்காரே” என்றார்.

ஹெல்மெட் தலைக்கு ஏறியது. பந்து வீச்சாளர் மறுபடியும் ஓடிவந்தார். பந்து தரையில் பட்டு எழும்பி வெளிப்பக்கம் போயிற்று. மொட்டை மட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அதைப் போகவிட்டார். விக்கெட் கீப்பர் பிடித்தார். வேறொன்றும் நடக்கவில்லை. முந்நூற்றுப் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

கேட்டக்கா ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்னாச்சு சார்?”

“அடிக்கல. விட்டுட்டாரு.”

“ஸ்கோர் என்ன?”

“நூத்தி எழுபத்தொன்பதுக்கு எட்டு.”

உள்ளங்கைக்குள் ‘டிக்’ என்றது. அவர் முன்னால் பார்த்தபடியே அதையே தமக்குள் ஒரு தடவை முணுமுணுத்துக்கொண்டார், நூத்தி எழுபத்தொன்பதுக்கு எட்டு என்று. அப்புறம் கட்டைவிரல் இன்னொரு முறை அழுந்தியது.